மலைப்பாதைகள் – 9: ஒரு வாரத்துக்கு எந்த இமயச் சாலை?

கோடையில் இமயமலையில் பைக் ஓட்ட ஒரு வாரம் ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் மூன்று சாலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்று மணாலியிலிருந்து லே, இன்னொன்று ஸ்ரீநகரிலிருந்து லே, மூன்றாவது சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாக ஸ்பிட்டி. இந்தத் தேர்வு பல நேரம் படங்களைப் பார்த்தே நடந்துவிடுகிறது: பாங்கோங் ஏரியின் நீலம், கார்துங் லா கணவாயின் உச்சியில் நிற்கும் பலகை. அந்தப் பலகை நெடுங்காலம் 18,380 அடி என்று காட்டியது. பின்னால் வந்த அளவீடுகள் கணவாயின் உயரம் 5,359 மீட்டர், அதாவது ஏறத்தாழ 17,580 அடி என்கின்றன. பலகையில் உள்ள எண்ணைவிட வேறு மூன்று கணக்குகளே பயணத்தைத் தீர்மானிக்கின்றன. சாலை எந்தத் தேதியில் ஓட்டத் தகுந்ததாக இருக்கும்? ஒவ்வோர் இரவும் எவ்வளவு உயரத்தில் தூங்க வேண்டும்? உடம்புக்கு முடியாமல் போனால் எந்தப் பக்கம் இறங்கலாம்? இவற்றில் கடைசிக் கேள்வியைத்தான் மிகக் குறைவானவர்கள் கேட்கிறார்கள். ஆனால் மற்ற இரண்டையும்விட அதற்கே எடை அதிகம்.

முதலில் தேதி. தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறை மே மாதத்தை ஒட்டி வருகிறது. உயர்ந்த கணவாய்களில் அப்போதுதான் பனி வெட்டும் வேலை நடந்துகொண்டிருக்கும். இந்த வேலையைச் செய்வது 1960இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பு. ஸ்ரீநகர் சாலையில் உள்ள சோஜி லா தாழ்ந்தது என்பதால் முதலில் திறக்கும். மணாலி–லே சாலையின் பாரலாச்சா லா பெரும்பாலும் மே மாதத்தில் திறக்கும். ஸ்பிட்டியை மணாலியோடு இணைக்கும் குன்சும் லா மே இறுதியிலோ ஜூனிலோதான் வழிவிடும். சாலை திறந்தது என்ற அறிவிப்பு நான்கு சக்கர வண்டிகளுக்குப் போதுமானதாக இருக்கலாம். இரு சக்கரத்துக்குப் போதாது. பகலில் உருகி ஓடும் பனிநீர் இரவில் தார் மேலேயே கண்ணாடிபோல் உறைந்துவிடும். காலையில் அதன் மேல் ஏறும் கார் சற்றுச் சறுக்கும், பைக் விழும்.

மறுபக்கம் பருவமழை நெருங்கி வரும். ஜூன் 1 வாக்கில் கேரளத்தைத் தொடும் தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் கடைசி வாரத்தை ஒட்டி இமாச்சலத்தை எட்டுகிறது. லடாக்கும் ஸ்பிட்டியும் மழை மறைவுப் பகுதிகள்தான். ஆனால் அங்கே போகும் சாலைகள் மழை கொட்டும் சரிவுகளின் வழியாகவே போகின்றன. 2021 ஆகஸ்ட் 11 அன்று கின்னௌரில் நிகுல்சாரி அருகே சரிந்த மலை, சாலையில் நின்ற பேருந்தையும் மற்ற வண்டிகளையும் புதைத்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2023 ஜூலை இரண்டாம் வாரத்தில் பியாஸ் ஆற்று வெள்ளம் மணாலிக்குச் செல்லும் நெடுஞ்சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. பனிக்கும் மழைக்கும் நடுவில் மிஞ்சுவது ஜூன் முதல் வாரத்தின் இறுதியிலிருந்து ஏறக்குறைய மூன்று வாரங்கள். கோடையில் இமயத்தில் பைக் ஓட்ட நம்பத்தக்க காலம் அவ்வளவுதான்.

இந்த மூன்று வாரங்களுக்குள் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது மணாலி–லே சாலையை. மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9.02 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை, ரோதாங் கணவாயில் ஏறி இறங்கும் வேலையைத் தவிர்த்துவிட்டது. சுரங்கத்துக்குள் நுழையும்போது தேவதாரு மரங்களும் ஈரமும். வெளியே வந்தால் வறண்ட லாஹௌல். அதன்பின் கேலாங், ஜிஸ்பா. ஜிஸ்பா 3,200 மீட்டர் அளவில் இருப்பதால் முதல் இரவுக்குப் பொருத்தமான ஊர். இதுவரை சிக்கல் இல்லை. ஜிஸ்பாவைத் தாண்டியதும் சாலை 4,890 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா லாவில் ஏறி, சர்ச்சு சமவெளியில் இறங்குகிறது. கூடார விடுதிகள் வரிசையாக நிற்கும் சர்ச்சுவின் உயரம் சுமார் 4,290 மீட்டர்.

3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடத்தின் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. ஜிஸ்பாவிலிருந்து சர்ச்சு ஏறக்குறைய 1,100 மீட்டர் கூடுதல். கடல் மட்டத்தில் வாழும் சென்னைக்காரருக்கோ தூத்துக்குடிக்காரருக்கோ மூன்றாம் நாள் இரவு அங்கே தலைவலியும் குமட்டலும் வந்தால் வியப்பதற்கில்லை. தலைவலி மட்டும் என்றால் ஓய்வில் சரியாகலாம். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே தாழ்ந்த இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும்; அதற்கு ஈடான மருந்து இல்லை. சர்ச்சுவின் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. தெற்கே திரும்பினால் 4,890 மீட்டர் பாரலாச்சா லாவில் ஏறித்தான் இறங்க முடியும். வடக்கே போனால் நக்கீ லா, அடுத்து 5,000 மீட்டரைத் தாண்டிய லாச்சுங் லா, மோரே சமவெளிக்குப் பிறகு 5,328 மீட்டர் டங்லங் லா. மூச்சுத் திணறும் ஒருவரை இன்னும் மேலே ஏற்றாமல் கீழே கொண்டுவர அங்கிருந்து சாலையே கிடையாது. இரவு நேரத்தில், பைக்கில் வந்த இரண்டு பேர் இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

நாள் கணக்கும் ஒத்துவராது. சண்டிகரிலிருந்து மணாலிக்கு ஒரு நாள், மணாலியிலிருந்து லேவுக்கு மூன்று நாள். அதே வழியில் திரும்பினால் சாலைக்கே எட்டு நாள் ஆகிவிடும்; ஏழு நாள் போதாது. படத்தில் பார்த்த பாங்கோங்கும் கார்துங் லாவும், நுப்ரா பள்ளத்தாக்கும் லேவுக்கு அப்பால் இருக்கின்றன. வாடகை பைக்கில் போகிறவருக்கு மேலும் ஒரு தடை உண்டு. மணாலியிலோ சண்டிகரிலோ எடுத்த வாடகை பைக்கை லேவரை ஓட்டலாம்; அங்கிருந்து பாங்கோங், நுப்ரா பக்கம் கொண்டுபோக உள்ளூர் வாடகை வண்டிச் சங்கத்தினர் அனுமதிப்பதில்லை. வண்டியின் கருப்பு எண் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தாலே வழியில் நிறுத்திவிடுவார்கள். அங்கே போக லேவில் தனியாக வண்டி எடுக்க வேண்டும். லடாக் பத்து, பன்னிரண்டு நாள் கையில் இருப்பவருக்கான இடம்.

ஸ்ரீநகர் சாலை உடம்புக்கு இதமானது. 1,585 மீட்டரில் தொடங்கி, 3,528 மீட்டர் சோஜி லாவைக் கடந்து, 2,700 மீட்டருக்குச் சற்றுக் கீழே உள்ள கார்கிலில் இரவு தங்கவைக்கிறது. மறுநாள் வழியில் மிக உயர்ந்த ஃபோட்டு லாவே 4,108 மீட்டர்தான். ஒரு வாரத்தில் லேவைப் பார்த்தே தீர வேண்டும் என்பவர் விமானத்தில் ஸ்ரீநகர் போய் அங்கேயே வண்டி எடுத்து இந்தச் சாலையில் போய்வரலாம். அமர்நாத் யாத்திரை தொடங்கிவிட்டால் சோனமார்க் வரையிலான நெரிசலையும் பாதுகாப்பு நிறுத்தங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மற்ற மாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும்.

ஏழு நாளுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துவது ஸ்பிட்டி. சண்டிகரிலிருந்து சிம்லா, நார்கண்டா. அங்கிருந்து சட்லெஜ் ஆற்றோரம் இறங்கி ராம்பூர். பிறகு கின்னௌர் மாவட்டத்துக்குள் கல்பா. ஆற்றோடு ஓடும் இந்த நெடுஞ்சாலை, கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி காலத்தில் 1850இல் தொடங்கிய இந்துஸ்தான்–திபெத் சாலையின் வழித்தோன்றல். பாறையைக் குடைந்து வெட்டிய தரண்டா பகுதியில் தலைக்கு மேல் மலை கவிந்திருக்கும். அங்கே பக்கத்து வண்டியை முந்த முயல்வது அறிவீனம். காப் என்ற இடத்தில் ஸ்பிட்டி ஆறு சட்லெஜில் கலக்கிறது. அதற்குப் பிறகு மரம் குறைந்து மண்மலை தொடங்குகிறது.

இந்தச் சாலையின் உயரம் படிப்படியாகக் கூடுகிறது. முதல் இரவு நார்கண்டாவில், 2,700 மீட்டர். இரண்டாம் இரவு கின்னர் கைலாசத்துக்கு எதிரே அமைந்த கல்பாவில், 2,960 மீட்டர். மூன்றாம் இரவுக்குப் பலர் நாகோ ஏரிக்கரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது 3,660 மீட்டர் என்பதால் ஒரே நாளில் 700 மீட்டர் கூடிவிடும். இன்னும் 60 கி.மீ. போய் 3,280 மீட்டரில் உள்ள தாபோவில் தங்குவதே நல்லது. தாபோவில் 996இல் நிறுவப்பட்ட மடாலயம் இருக்கிறது. வெளியிலிருந்து வெறும் மண்சுவர். உள்ளே இருட்டில் ஆயிரம் ஆண்டுகளாக நிற்கும் சுதை உருவங்களும் சுவரோவியங்களும். மாலையில் வந்து சேர்ந்து காலையிலேயே கிளம்பிவிடாமல், முற்பகலை அங்கே செலவிடுவது இந்தப் பயணத்தின் மிகச் சிறந்த முடிவாக இருக்கும். நான்காம் நாள் ஓட வேண்டியது 50 கி.மீ. அளவுதான் என்பதால் அதற்கு நேரமும் உண்டு. வழியில் ஸ்பிட்டியின் பழைய தலைநகரான தங்கர், செங்குத்துப் பாறை மேல் பின் ஆறும் ஸ்பிட்டியும் கலப்பதைப் பார்த்தபடி நிற்கிறது. இரவு காசாவில், சுமார் 3,650 மீட்டர். நான்கு இரவில் எந்த இரவும் 500 மீட்டர் விதியை மீறவில்லை.

ஐந்தாம் நாள் காசாவைச் சுற்றி: கீ மடாலயம், லாங்சா, 4,400 மீட்டர் உயரத்தில் அஞ்சலகம் இயங்கும் ஹிக்கிம். பகலில் உயரே போய் இரவு தாழ்ந்த இடத்தில் தூங்குவதால் உடம்பு நன்றாகப் பழகுகிறது. இந்த நாளுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. வழியில் மண்சரிவால் ஒரு நாள் போய்விட்டால் ஹிக்கிமை விட்டுவிட்டு ஈடுகட்டிக்கொள்ளலாம். ஆறாம் நாள் குன்சும் லா வழியாக மணாலி, ஏழாம் நாள் சண்டிகர் என்று வளையம் முடிகிறது.

உடம்பு சொன்னபடி கேட்கவில்லை என்றால்? காசாவிலேயே மருத்துவமனை உண்டு. கீழே இறங்கச் சாலை ஆற்றோடு போகிறது. அன்றே 2,300 மீட்டர் உயரத்து ரெக்காங் பியோவுக்குப் போய்விடலாம். அது கின்னௌர் மாவட்டத் தலைநகர். இடையில் நாகோவுக்காக ஏற வேண்டிய உயரமும் காசாவின் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். சர்ச்சுவில் இல்லாத வழி இங்கே இருக்கிறது. மணாலி–லே சாலையை ஒதுக்கிவிட்டு ஸ்பிட்டியைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

குன்சும் லாவுக்கு அப்பால் பாட்டல் முதல் கிராம்பு வரையிலான பகுதி இந்த வளையத்தில் மிகக் கடினமானது. ஆற்றுப்படுகைபோல் கல், குறுக்கே பனியாற்றிலிருந்து வரும் ஓடைகள். வெயில் ஏற ஏறப் பனி உருகுவதால் ஓடைகளில் காலையைவிடப் பிற்பகலில் நீர் பெருகும். காசாவிலிருந்து விடியும்போதே கிளம்பி நண்பகலுக்குள் அவற்றைக் கடந்துவிட வேண்டும். ஓடையைக் கடக்கும்போது முதல் கியர், சீரான ஆக்சிலரேட்டர், கண் எதிர்க்கரையில். பின்னால் அமர்ந்திருப்பவர் இறங்கி நடந்து வருவது நல்லது.

வண்டிக்கு வந்தால், 3,650 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. எஞ்சினின் வலுவும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும். எரிபொருளைத் தானே அளந்து தெளிக்கும் புதிய வண்டிகள் திணறாமல் ஓடும். கார்புரேட்டர் வண்டிகள் பெட்ரோல் அதிகமாகிப் புகை கக்கும். இந்த மலைகளில் எங்கும் தென்படும் ராயல் என்ஃபீல்டு, தமிழ்நாட்டின் திருவொற்றியூரில் 1950களில் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்தது. ராம்பூரிலும் காசாவிலும் மெக்கானிக்குகளுக்குப் பழகிய வண்டி என்பதே அதை வாடகைக்கு எடுக்கப் போதுமான காரணம். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், கம்பிச் சக்கரமாக இருந்தால் இரண்டு டியூப் ஆகியவை பையில் இருக்க வேண்டும். ரெக்காங் பியோவுக்குக் கீழே பெட்ரோல் நிரப்பினால் அடுத்தது சுமார் 200 கி.மீ. தள்ளி காசாவில், அதன்பின் மணாலிவரை இன்னொரு 200 கி.மீ. 13 லிட்டர் தொட்டி இதற்குப் போதும்.

மே மாதத்தில் மட்டுமே விடுப்பு கிடைக்கிறவருக்கு வளையம் கைகூடாது. குன்சும் லா பெரும்பாலும் மூடியிருக்கும். அப்போது காசா போய் வந்த வழியே திரும்ப வேண்டும். காசாவிலிருந்து சண்டிகருக்கு 500 கி.மீ.க்கு மேல், மலைச்சாலையில் அதற்கு மூன்று நாள் ஆகும். ஆகவே நான்காம் இரவு காசாவில் தங்கி, ஐந்தாம் நாள் காலையிலேயே திரும்பத் தொடங்க வேண்டும். அந்த அவசரம் வேண்டாம் என்றால் கல்பாவோடு நின்று, சாங்லா பள்ளத்தாக்கில் 3,450 மீட்டர் உயரத்து சித்குல் வரை போய்வரலாம். பாஸ்பா ஆற்றோரம் இரண்டு நாள் தங்கவும் நேரம் இருக்கும்; எந்தக் கணவாயின் அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஜூனில் போகிறவரும் ஐந்தாம் நாள் மாலை காசா பெட்ரோல் நிலையத்தில் தொட்டியை நிரப்பும்போது, அன்று மணாலியிலிருந்து வந்து சேர்ந்த ஓட்டுநர்களிடம் குன்சும் சாலையைப் பற்றி விசாரிக்க வேண்டும். அன்று எந்த வண்டியும் வரவில்லை என்றால் மறுநாள் பைக்கை தாபோ பக்கம் திருப்புவதே சரி.

(தொடரும்)