பட்டாளத்துப் பாட்டன் எந்தப் பக்கம் நின்றார்?

மாசி சிவராத்திரிக்குக் குலதெய்வம் கும்பிடப் போகிற நம் சனங்களில் பலர், ஒரு போர்வீரனுக்குத்தான் பொங்கல் வைக்கிறார்கள். மதுரைவீரனுக்கு மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தை ஒட்டியே சந்நிதி இருக்கிறது. அருந்ததியர் வீட்டில் வளர்ந்து படைத்தலைவன் ஆனவர், கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவர் என்பது அவர் கதை. கிராமத்துப் பக்கம் போனால் கண்மாய்க் கரையில் பட்டவன் சாமி நிற்கும். பட்டவன் என்றால் வெட்டுப்பட்டு இறந்தவன்.

எந்தச் சண்டையில் பட்டார்? யாருடைய படையில் நின்றார்? கல்லூரிக்குப் போகிற நம் பிள்ளைகள் இப்போது இதைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வருகிற பதில் நாம் விரும்புகிற பதிலாகவே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

மதுரையிலிருந்து நெல்லை வரை 1755 தொடங்கி 1801 வரை விட்டுவிட்டுப் போர் நடந்தது. வெள்ளைக்காரனுக்கும் பாளையக்காரர்களுக்கும் நடந்த சண்டை என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். அது உண்மை. அதே சமயம் அது உள்நாட்டுப் போராகவும் இருந்தது. கம்பெனிப் படையில் துப்பாக்கி பிடித்தவர்களில் பெரும்பகுதி இந்த மண்ணின் ஆட்கள். மதுரைக் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிக்காகப் பூலித்தேவரை அடக்கிய யூசுப்கான் என்கிற மருதநாயகம், 1763-ல் அதே கம்பெனியை எதிர்த்து நின்றார். கோட்டைக்கு உள்ளேயும் சிப்பாய், வெளியே முற்றுகை போட்டதும் சிப்பாய். நேற்று வரை ஒரே கொடிக்குக் கீழ் நின்றவர்கள். சொந்த ஆட்களே பிடித்துக் கொடுத்ததில் 1764 அக்டோபர் 15-ல் யூசுப்கான் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அடக்கத்தலம் சம்மட்டிபுரத்தில் இருக்கிறது. அந்த முற்றுகையில் இரண்டு பக்கமும் செத்த சிப்பாய்களுக்கு மதுரையில் ஒரு கல்கூட இல்லை.

எதிர்த்து நின்றவர்களில் நம் பெயர்கள் சில தப்பிப் பிழைத்தன. பூலித்தேவர் படையில் ஒண்டிவீரன், சிவகங்கைப் பக்கம் குயிலி, கட்டபொம்மனோடு கவர்னகிரி சுந்தரலிங்கம். இவர்களைப் பற்றிய செய்தி பெரும்பாலும் வாய்மொழியாகத்தான் வந்தது. ஒண்டிவீரனுக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் எழும்பியது, 2022-ல் தபால்தலை வந்தது. சுந்தரலிங்கத்துக்குக் கவர்னகிரியில் நினைவிடம் உண்டு. ஆனால் 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்த போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பெயரை வைத்தபோது நடந்தது நினைவிருக்கிறதா? அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் ஒரு சாரார். தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. 1799-ல் செத்த ஒரு வீரனின் பெயர் ஒரு பஸ்ஸின் பக்கவாட்டில் இருப்பதற்குக்கூட இவ்வளவு எதிர்ப்பு. இதனால்தான் நாமும் வீரப் பெயர்களை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டோம். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் மறுபக்கமும் நம் ஆட்கள் இருந்தார்கள். கம்பெனியின் சென்னை ராணுவத்தில் தொடக்க காலத்திலேயே பறையர் சமூகத்தினர் கணிசமாகச் சேர்ந்தார்கள். மாதச் சம்பளம், உடுப்பு. ஊர்ப் பண்ணையில் கிடைக்காத ஒன்றும் அங்கே கிடைத்தது: பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுத்தார்கள். மண் வெட்டவும் பாதை போடவும் 'பயனீர்' என்று தனிப்படை 1780-லேயே தொடங்கப்பட்டது. 1801-ல் மருது சகோதரர்களைப் பிடிக்கச் சிறுவயலிலிருந்து காளையார்கோவில் வரை காட்டை வெட்டிப் பாதை போட முயன்றது கர்னல் அக்னியூவின் படை. ஏறக்குறைய ஒரு மாதம் வெட்டியும் முடியாமல் கைவிட்டார்கள். பின்னால் கோடரி, முன்னால் புதருக்குள் வளரியும் வேலும். இரண்டையும் பிடித்திருந்தது இந்த மண்ணின் கைகள்தான்.

இது மருதுவுக்கும் தெரியும். 1801 ஜூன் 16-ல் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. கம்பெனியில் வேலை செய்கிற சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் எல்லோரையும் பார்த்து அது பேசியது. பிராமணர், சத்திரியர், வைசியர், சூத்திரர், முசல்மான் என்று பெயர் சொல்லி அழைத்தது. அந்த வரிசையில் நாம் இல்லை. நம் பாட்டன்மார் சண்டையில் இருந்தார்கள், அழைப்பிதழில் இல்லை. அறிக்கையின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. ஏட்டில் பெயரைத் தேடும்போது இப்படி ஒரு வெற்றிடம் வரும் என்று தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறோம்.

கம்பெனிப் பக்கமும் கதை அதேதான். அதிகாரிகளுக்குப் பெயரும் கல்லறையும் உண்டு. சிப்பாய் செத்தால் 'இத்தனை பேர்' என்று ஓர் எண். அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி பின்னாளில் தன் நினைவுகளைப் புத்தகமாக எழுதினார். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்த பிறகு, பிணங்களுக்கு நடுவே மகனைத் தேடி வந்த ஒரு தாயைப் பற்றி அதில் சொல்கிறார். குற்றுயிராகக் கிடந்த மகன், 'என்னை விடு, அந்தச் சாமியைக் காப்பாற்று' என்ற பொருளில் பக்கத்தில் கிடந்த ஊமைத்துரையைக் காட்டினான். தாய் ஊமைத்துரையைத் தூக்கிப் போனாள். மகன் அங்கேயே செத்தான். ஊமைத்துரை பெயர் ஊரறியும். அந்த மகன் பெயரும் தாய் பெயரும் வெல்ஷ் புத்தகத்தில் இல்லை.

அப்படியானால் எங்கே தேடுவது? வீட்டில் வாளோ வேலோ இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். 1801 டிசம்பரிலேயே ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று கம்பெனி உத்தரவு போட்டுவிட்டது. முதலில் குலதெய்வக் கோயிலில் தொடங்குங்கள். பட்டவனுக்கு எந்த ஊர்க்காரர் பங்காளி, எந்த ஊரிலிருந்து பிடிமண் வந்தது, எந்த வகையறா முதல் மரியாதை வாங்குகிறது என்று கேளுங்கள். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த வழி அதில் இருக்கும். அப்பத்தாவிடம் கேட்பதை இந்த வருசமே செல்போனில் பதிவு செய்துவிடுங்கள்.

அடுத்து நிலம். பாளையக்காரர் காலத்தில் சேவகத்துக்கு மானியமாக நிலம் விடுவது வழக்கம். 1858-ல் அமைத்த இனாம் கமிஷன், மானியம் யாருடையது, எதற்காக வந்தது என்று எழுதி வைத்தது. அந்தப் பதிவேடுகளையும், மதுரை, திருநெல்வேலி மாவட்டப் பழைய ஆவணங்களையும், ராணுவ ஆவணங்களையும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பார்க்கலாம். ஆராய்ச்சி மாணவர்கள் கல்லூரிக் கடிதத்தோடு போவது நல்லது. ஒன்றை மறக்க வேண்டாம்: ராமநாதபுரம் மாவட்டம் 1910-ல்தான் உருவானது. அதற்கு முந்தைய சிவகங்கைச் செய்திகளை மதுரைப் பெயரில்தான் தேட வேண்டும். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்ப்பட்டியலும் உண்டு. சாதாரண ஆட்கள் பெயரோடு பதிவான அபூர்வமான ஏடு அது.

பிந்திய காலத்தில் பட்டாளத்துக்குப் போனவர் என்றால் வேலை கொஞ்சம் சுலபம். 'போர்க்குணம் உள்ள சாதி' என்று ஆங்கிலேயர் ஒரு கணக்குப் போட்டு, 19-ம் நூற்றாண்டின் கடைசியில் நம் ஆட்களுக்குப் பல ரெஜிமெண்டுகளில் கதவை அடைத்தார்கள். அப்போதும் சாப்பர்ஸ், பயனீர் படைகளில் இடம் இருந்தது. இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களின் விவரங்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் தேடலாம். பழைய மெடல் வீட்டில் கிடந்தால் பாலிஷ் போடாதீர்கள். அதன் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெரும்பாலும் நம்பர், பெயர், படைப்பிரிவு மூன்றும் பொறித்திருக்கும். இணையத்தில் தேடும்போது ஆங்கில எழுத்தில் 'மதுரை' என்று போட்டால் பல பெயர்கள் அகப்படாது. 'மதுரா' என்று போடுங்கள், அந்தக் காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள். சில பதிவுகளில் இன்னார் மகன், இன்ன கிராமம் என்று அப்பன் பெயரும் ஊரும் சேர்ந்தே வரும்.