காவிரிக்கரை ஓசைகள் – 14: லண்டனுக்கு நடந்துபோன நாட்டை

பங்குனி மாதம் வலங்கைமானில் பாடைக் காவடி. கடும் நோயில் விழுந்து, பிழைத்தால் பாடையில் வருகிறேன் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டவர்கள், பிழைத்த பிறகு அந்தக் கடனைத் தீர்க்கும் திருவிழா. பச்சை மூங்கிலில் பாடை கட்டி, உயிரோடு இருப்பவரை இறந்தவரைப் போலப் படுக்கவைத்து, நான்கு பேர் தோள் கொடுத்துத் தூக்கி, ஒருவர் முன்னால் தீச்சட்டி ஏந்திப் போவார்கள். எல்லோருக்கும் முன்னால் போவது மேளம். அதன் அடிக்குத் தகுந்தபடிதான் தூக்குகிறவர்களின் கால்கள் விழும்.

இந்த ஊரில் சங்கீதம் என்பது நடக்கிற ஒன்று. தவில் மேதை வலங்கைமான் சண்முகசுந்தரம் பிள்ளை இங்கிருந்து வந்தவர். தவிலுக்குப் பேர்போன இன்னொரு ஊரான அரித்துவாரமங்கலம் இதே தாலுகாவில்தான் இருக்கிறது. பலாமரத்தில் குடைந்த அந்தக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு, வலக்கை விரல்களில் கூடு போட்டு ஒரு பக்கமும், இடக்கையில் கழி பிடித்து மறுபக்கமும் வாசித்தபடி இரவெல்லாம் சுவாமிக்கு முன்னால் நடந்த பரம்பரை அது. ஒலிபெருக்கி இல்லாத காலத்திலும் நான்கு வீதிக்கும் கேட்ட வாசிப்பு.

தவிலைப் பற்றிச் சென்ற வாரம் விரிவாகப் பார்த்தோம். இந்த வாரம் பேசப்போவது, 2001-ல் லண்டனிலிருந்து வெளியான ஒரு பாடகியின் முதல் ஆல்பத்தைப் பற்றி. இரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் அந்த ஆல்பத்தின் பாட்டுப் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

ஆல்பத்தின் பெயர் 'சால்ட் ரெய்ன்'. தமிழில் உப்பு மழை. பாடியவர் சுசீலா ராமன். பெற்றோர் தஞ்சாவூர்த் தமிழர்கள். 1960-களில் இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர்கள். சுசீலா 1973-ல் லண்டனில் பிறந்தார். அவருக்கு நான்கு வயதானபோது குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. அங்கே வீட்டில் கர்நாடக சங்கீதம் கற்று, சிறுவயதிலேயே மேடையேறிப் பாடினார். வளர்ந்ததும் சிட்னியில் சொந்தமாக ஓர் இசைக்குழு தொடங்கினார். ராக் அண்ட் ரோல், ஃபங்க், பிறகு ப்ளூஸ், ஜாஸ் என்று தொண்டை வேறு திசையில் போனது. 1995-ல் இந்தியா வந்து ஸ்ருதி சடோலிகரிடம் ஹிந்துஸ்தானி பயின்றார். 1997-ல் லண்டன் திரும்பி, கிதார் கலைஞர் சாம் மில்ஸோடு சேர்ந்தார். வங்காளத்து பவுல் பாடகர் பபன் தாஸோடு 'ரியல் சுகர்' என்ற ஆல்பத்தை அப்போதுதான் முடித்திருந்தவர் மில்ஸ். இன்னொரு மண்ணின் பாட்டுக்குப் பக்கத்தில் கிதாரை எங்கே வைப்பது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்த கை. அந்தக் கூட்டணியில் நான்கு ஆண்டு ஊறி வந்ததுதான் இந்த ஆல்பம்.

ஒரு ராக் பாடகியின் முதல் ஆல்பம் என்றால் சொந்தக் காதல், சொந்தக் கோபம், சொந்த ஊர் என்றுதான் உலகம் எதிர்பார்க்கும். அப்படிப்பட்ட சொந்தப் பாட்டுகளும் இதில் உண்டு. அமெரிக்கப் பாடகர் டிம் பக்லியின் 'சாங் டு தி சைரன்' உண்டு. 'தி ஜங்கிள் புக்' படத்தில் மலைப்பாம்பு பாடும் பாட்டும் உண்டு. அவற்றுக்கு நடுவே முத்துசுவாமி தீட்சிதரின் 'மகாகணபதிம்', தியாகராஜரின் 'நகுமோமு', மைசூர் வாசுதேவாச்சாரியாரின் 'மாமவது' ஆகியவை இருக்கின்றன. சிறுமியாக இருந்தபோது முதலில் பாடியவற்றை முதல் ஆல்பத்தில் வைப்பதைவிட நேர்மையான தன்வரலாறு என்ன இருக்க முடியும்?

தீட்சிதரும் தியாகராஜரும் திருவாரூரில் பிறந்தவர்கள். வலங்கைமான் இன்று இருப்பதும் திருவாரூர் மாவட்டத்தில்தான்.

'மகாகணபதிம்' நாட்டை ராகம். கச்சேரியின் தொடக்கத்தில் பாடிப் பாடிச் சம்பிரதாயமாகிவிட்ட கீர்த்தனை. சுசீலாவின் குரலில் அது சட்டென்று வேறு உடம்போடு எழுந்து நிற்கிறது. அதற்குக் காரணம் ராகத்துக்குள்ளேயே இருக்கிறது. நாட்டையில் வரும் ஷட்சுருதி ரிஷபத்தையும் அந்தர காந்தாரத்தையும் ஆர்மோனியத்தில் தேடினால் இரண்டும் ஒட்டிய கட்டைகள்: ஷட்ஜத்திலிருந்து மூன்றாவது ஒன்று, நான்காவது மற்றொன்று. மிசிசிப்பி ஆற்றங்கரையில் கறுப்பினப் பாடகர்கள் வளர்த்த ப்ளூஸ் இசையின் உயிரும் இதே இரண்டு கட்டைகளுக்கு நடுவில்தான் ஊசலாடுகிறது. ப்ளூஸ் கிதார்காரர் கம்பியை இழுத்து வளைத்து, மூன்றாவதிலிருந்து நான்காவதை எட்டியும் எட்டாமலும் நிற்பார். நாட்டை பாடுகிறவர் மத்திமத்திலிருந்து இறங்கும்போது ரிஷபத்தை அசைத்து அசைத்துத் தொடுவார். இரண்டும் வேறு மரபு, வேறு இலக்கணம். ஒன்று மற்றொன்றிலிருந்து வரவில்லை. ஆனால் ப்ளூஸ் பாடிப் பழகிய தொண்டையிலிருந்து நாட்டை வரும்போது அந்நியமாக ஒலிக்காததற்கு இந்த அக்கம்பக்கம்தான் காரணம். மில்ஸின் கிதார் அங்கே தீட்சிதருக்குக் குறுக்கே போகவில்லை.

அடுத்தது நடை. கேமரூன் நாட்டுக்காரரான இலேர் பெண்டாவின் பேஸ் கிதார் அடியில் ஒரே சீராக நடந்துகொண்டிருக்க, மேலே பாட்டு அசைந்து வருகிறது. காவிரிக்கரையில் இதைக் கேட்கிறவருக்குச் சபா நினைவுக்கு வராது, மல்லாரிதான் வரும். சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரி, நாட்டையின் நெருங்கிய உறவான கம்பீர நாட்டையில் அமைந்தது. தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி என்று ஒவ்வொன்றுக்கும் தனி வேகம். சுவாமியைத் தோளில் தூக்கும் சீர்பாதம் தாங்கிகளின் அடியும் தவில்காரரின் அடியும் ஒன்றாக விழும் இசை அது.

கீர்த்தனை என்றால் அரங்கில் சம்மணமிட்டு, கைத்தாளம் போட்டுக் கேட்பது என்ற பழக்கம் சென்னை நமக்குக் கொடுத்தது. அதற்கு வயது நூறைச் சுற்றித்தான். மியூசிக் அகாடமி தொடங்கியதே 1928-ல். அதற்கு முன்பும் பின்பும் டெல்டாவில் கீர்த்தனைகளை ஊராருக்குக் கொண்டுபோனது நாகஸ்வரமும் தவிலும். டிக்கெட் வாங்கி அரங்குக்குள் போக முடியாதவர்கள் திண்ணையிலும் குளக்கரையிலும் உட்கார்ந்து கேட்டார்கள். தீட்சிதர் பாட்டுக்குப் பின்னால் தாள வாத்தியம் அதிரலாமா என்று கேட்பவர்கள் இந்த வீதிகளை மறந்துவிட்டார்கள்.

மேற்கத்திய இசை கலந்தால் தீட்டு என்பவர்களுக்குத் தீட்சிதரே பதில் சொல்லியிருக்கிறார். சென்னைக்குப் பக்கத்து மணலியில் குடும்பத்தோடு வாழ்ந்த நாட்களில், ஆங்கிலேயப் படையினரின் பேண்டு வாத்தியத்தை அவர் கேட்டார். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவைதான் நோட்டுஸ்வரப் பாடல்கள். இங்கிலாந்து தேசிய கீதத்தின் மெட்டுக்கு அவர் எழுதியதுதான் 'சந்ததம் பாஹிமாம்'. தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தீட்சிதரின் சீடர்களான தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அந்த வயலினை ஓங்கிப் பிடித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா?

'நகுமோமு' கதை இன்னும் சுவையானது. அதை இன்று ஆபேரியில், சதுசுருதி தைவதத்தோடு பாடுகிறோம். தியாகராஜர் காலத்து ஆபேரியில் இருந்தது சுத்த தைவதம் என்பது இசையறிஞர்களின் கருத்து. முசிறி சுப்பிரமணிய ஐயர் புதிய வடிவத்தில் உருகிப் பாடியதுதான் இசைத்தட்டில் ஊர் ஊராகப் போனது. அதைத்தான் மூன்று தலைமுறை தியாகராஜர் பாட்டாகவே ஏற்றுக்கொண்டு அழுதது. ஆக, ஒரு ஸ்வரமே மாறிய பிறகும் உயிரோடு இருக்கிற பாட்டு அது. சுசீலா அதில் சங்கதிகளை அடுக்கிக் காட்டவில்லை. முறையிடும் குரலை மட்டும் பிடித்துக்கொள்கிறார். சங்கதிக்காகவே 'நகுமோமு' கேட்கிற ரசிகருக்கு இது போதாது. அந்தக் குறை நியாயமானது. ஆனால் தெலுங்கும் தெரியாமல், ராமனையும் தெரியாமல் கேட்கிற ஒரு பிரெஞ்சுக்காரருக்கும் யாரோ யாரையோ கெஞ்சி அழைக்கிறார்கள் என்பது புரிகிறது. பாட்டு முழுசாகப் போய்ச் சேர்ந்துவிட்டது.

குறை சொல்லவேண்டிய இடமும் உண்டு. ராக் என்று நம்பிக் கேட்கிறவருக்கு இந்த ஆல்பம் மென்மையாகப் படும். கிதாரும் தபலாவும் பல இடங்களில் அடக்கி வாசிக்கின்றன. மேடையில் அவர் காட்டும் ஆவேசத்தில் பாதிகூட ஒலிப்பதிவில் இறங்கவில்லை. முதல் ஆல்பத்துக்கே உரிய கவனம் என்று அதைச் சொல்லலாம். கொஞ்சம் பயம் என்றும் சொல்லலாம்.

பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கு அந்த ஆண்டு தேர்வான ஆல்பங்களில் 'சால்ட் ரெய்ன்' இடம்பெற்றது. ரேடியோஹெட் குழுவின் 'அம்னீசியாக்' இருந்த அதே பட்டியல். முடிவு அறிவித்த நாள் 2001 செப்டம்பர் 11. பரிசு பி.ஜே. ஹார்விக்குப் போனது, பென்டகன் எரிந்துகொண்டிருந்த வாஷிங்டனிலிருந்து அவர் தொலைபேசியில் அதை ஏற்றுக்கொண்டார். அன்றைய இரவில் பாட்டைப் பற்றி யார் பேசியிருப்பார்கள்? மறு ஆண்டு, 2002-ல், பி.பி.சி. ரேடியோ 3 உலக இசை விருதுகளில் சிறந்த புதுமுகமாக சுசீலா தேர்வானார்.

வலங்கைமானுக்கு லண்டன் புதிதல்ல. இங்கே பிறந்த வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியாருக்கு லண்டன் மாநகரம் 1921-ல் கௌரவக் குடியுரிமை வழங்கியது. ஆங்கிலேயரின் மொழியை அவர்களைவிட அழகாகப் பேசியவர் அவர். சரியாக 80 ஆண்டுகள் கழித்து, தஞ்சாவூர்க்காரர்களின் மகள் திருவாரூர்ப் பாட்டைக் கொண்டுபோய் அதே நகரத்தில் பாடினார். இது அதைவிடப் பெரிய காரியம்.

அதற்குப் பிறகு சுசீலா மேலும் உள்ளே வந்தார். தமிழ்நாட்டுக்கு வந்து, முருகன் பாடல்களை ஆவேசத்தோடு பாடும் கோவை கமலாவிடம் கற்றார். 2011-ல் வந்த ஆல்பத்தின் பெயரே 'வேல்'. முதல் ஆல்பத்தில் விட்டுப்போன வேகம் அங்கே கரையை உடைத்துக்கொண்டு வந்தது. பி.பி.சி. தொலைக்காட்சியில் ஜூல்ஸ் ஹாலண்டின் நிகழ்ச்சியில் 'பால்' என்ற முருகன் பாட்டைத் தமிழிலேயே அவர் பாடிய காட்சி இணையத்தில் கிடைக்கிறது.

முதலில் முசிறியின் 'நகுமோமு'வைக் கேளுங்கள். அடுத்து சுசீலாவினுடையதைக் கேளுங்கள். 'பால்' பாட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வையுங்கள்.

(தொடரும்)