பகிர்வதற்கு முன் ஒரு நிமிடம்



சில வாரங்களுக்கு முன் எங்கள் பங்கில் ஓர் அன்பியக் கூட்டம் நடந்தது. செபம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் பேச்சு செல்போன் பக்கம் திரும்பியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், "சாமி, இந்த இன்டர்நெட்டை அரசாங்கம் கட்டுப்படுத்தணும். அவனவன் இஷ்டத்துக்கு எழுதுறான். நாலு பேரைப் பிடிச்சு உள்ளே போட்டாத்தான் அடங்குவாங்க" என்றார். பொறியியல் படிக்கும் அவருடைய பேரன் விடவில்லை. "தாத்தா, இன்னிக்கு அவங்களைப் பிடிப்பாங்க. நாளைக்கு ரோடு சரியில்லைன்னு எழுதுற என்னையும் பிடிப்பாங்க" என்றான். பிறகு இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அன்று ஏதோ சமாதானம் சொல்லி முடித்துவிட்டேன். அது போதாது என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

பேரனின் பயம் கற்பனையா?

இல்லை. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்றொரு பிரிவு இருந்தது. 2008-இல் திருத்தமாகச் சேர்க்கப்பட்டு, 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. கணினி வழியாகவோ செல்போன் வழியாகவோ பிறரைப் புண்படுத்தும் செய்தியை அல்லது எரிச்சலூட்டுவதற்காகப் பொய்ச் செய்தியை அனுப்பினால் 3 ஆண்டுகள் வரை சிறை என்றது அது. எது புண்படுத்தும், எது எரிச்சலூட்டும் என்பதற்கு அதில் விளக்கம் இல்லை. ஒருவருக்கு எரிச்சல் தருவது இன்னொருவருக்குச் சாதாரணப் பேச்சாக இருக்கும். எனவே யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்ற நிலை வந்தது.

2012 நவம்பரில் பால் தாக்கரே இறந்தபோது மும்பையில் கடைகள் அடைக்கப்பட்டன. அதைக் கேள்வி கேட்டு, அருகிலுள்ள பால்கரில் ஓர் இளம்பெண் ஃபேஸ்புக்கில் சில வரிகள் எழுதினார். அவருடைய தோழி அதற்கு 'லைக்' போட்டார். இருவரும் கைது செய்யப்பட்டார்கள். இதைக் கண்டு ஷ்ரேயா சிங்கால் என்ற இளம்பெண் உச்சநீதிமன்றம் சென்றார். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் அதை நீக்கியது. ஒரு கருத்தைப் பேசுவது வேறு, அதற்காக வாதாடுவது வேறு, வன்முறைக்குத் தூண்டுவது வேறு. முதல் இரண்டும் பிறருக்குப் பிடிக்காவிட்டாலும் உரிமையே. தூண்டுதல் என்ற எல்லைக்கு வரும்போதுதான் சட்டம் தலையிடலாம் என்று தீர்ப்பு விளக்கியது.

இணையத்தையே நிறுத்திவிட்டால்?

தென் மாவட்டத்தார் இதை அனுபவித்தவர்கள். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய 3 மாவட்டங்களிலும் இணைய சேவையை நிறுத்த அரசு உத்தரவிட்டது. பதற்றத்தைத் தூண்டும் செய்திகளைத் தடுக்கவே இது என்று சொல்லப்பட்டது. வதந்தி ஓய வேண்டுமானால் உண்மை போய்ச் சேர வேண்டும். அது போய்ச் சேரும் வழியும் சேர்ந்தே அடைபட்டது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய தடை இன்னும் நீண்டது. அந்த வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்சநீதிமன்றம், காலவரையின்றி இணையத்தை நிறுத்தக் கூடாது, நிறுத்தும் உத்தரவை மக்கள் அறிய வெளியிட வேண்டும் என்று கூறியது.

தாத்தாவின் கவலையும் நியாயமே

அதே 2018 மே மாதம், தூத்துக்குடி நிகழ்வுக்குச் சில நாட்களுக்கு முன், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே ஒரு கொடுமை நடந்தது. சென்னையிலிருந்து கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பத்தார் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் வதந்தி சுற்றிக்கொண்டிருந்த நேரம் அது. கூட்டம் அவர்களை அடித்தது. 65 வயதான ஒரு தாய் அங்கே உயிரிழந்தார். அவர் செய்த குற்றம் ஒரு குழந்தையின் மீது காட்டிய அன்பு.

இப்படிப்பட்ட சாவுகள் நாட்டின் பல இடங்களில் நிகழ்ந்த பிறகுதான், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு அல்லது குழுக்களுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று வரம்பு கொண்டுவந்தது.

நான் செய்த தவறு

இதை எழுதும்போது என் நெஞ்சு குத்துகிறது. அந்த நாட்களில் எனக்கும் ஒரு குரல் செய்தி வந்தது. குழந்தை கடத்தும் கும்பல் நம் பகுதிக்கு வந்துவிட்டது, போர்வை விற்பவர்களைப் போல வருவார்கள் என்று பதறிய குரலில் ஒருவர் பேசியிருந்தார். நம் பிள்ளைகளின் பாதுகாப்புதானே என்று எண்ணி, மறைக்கல்வி ஆசிரியர்களின் குழுவுக்கு அதை அனுப்பிவிட்டேன். யார் பேசியது, எந்த ஊர், எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள், சைக்கிளில் போர்வை விற்றுவந்த ஒரு வடமாநில இளைஞரை எங்கள் தெருவில் சுற்றி வளைத்துவிட்டார்கள். பெட்டிக்கடை நடத்தும் ஓர் அம்மா, "இந்தப் பையன் ரெண்டு வருஷமா என் கடையிலதான் டீ குடிக்கிறான்" என்று குறுக்கே வந்து நின்றதால் அவர் தப்பினார். கூட்டத்தில் இருந்தவர்களிடம் நான் கோபமாகப் பேசியபோது ஒருவர் சொன்னார்: "நீங்கதானே சாமி அனுப்பினீங்க." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்த ஞாயிறு திருப்பலியில் என் தவறை எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அந்த இளைஞரிடம் மன்னிப்புக் கேட்கத் தேடினேன். அவர் ஊரை விட்டே போயிருந்தார்.

எந்தச் சட்டமும் என்னை அன்று தடுத்திருக்காது. நான் கெட்ட எண்ணத்தோடு அனுப்பவில்லை. நல்ல எண்ணத்தோடு, விசாரிக்காமல் அனுப்பினேன். காவல்துறை நுழைய முடியாத அந்த இடத்தில் மனச்சான்று மட்டுமே காவல் இருக்க முடியும். அந்தக் காவலை நாம் கைவிட்டால், "மக்களுக்குச் சுதந்திரம் தாங்காது" என்று சொல்லி இணையத்தை மூட நாமே காரணம் தருகிறோம்.

திருஅவை சொல்வது

சமூகத் தொடர்புக்கான திருப்பீட அவை 2002 பிப்ரவரி 22 அன்று 'திருஅவையும் இணையமும்', 'இணையத்தில் அறநெறி' என்ற இரு ஏடுகளை வெளியிட்டது. கருத்துச் சுதந்திரத்தை அவை ஆதரிக்கின்றன. அரசு முன்கூட்டியே தணிக்கை செய்வது தவிர்க்கப்பட வேண்டும் என்கின்றன. அதே நேரத்தில் வெறுப்புப் பேச்சு, அவதூறு, மோசடி ஆகியவற்றுக்கு இணையம் அடைக்கலம் ஆகிவிடக் கூடாது என்றும் கூறுகின்றன. தாத்தாவுக்கும் பேரனுக்கும் அதில் இடம் இருக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் தம் 2018 உலக சமூகத் தொடர்பு நாள் செய்தியைப் பொய்ச் செய்திகளைப் பற்றியும், 2024 செய்தியைச் செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் எழுதினார். இன்று ஒருவர் பேசாததை அவர் குரலிலேயே பேசவைக்க முடிகிறது. எனவே நம் எச்சரிக்கை இன்னும் கூட வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

1. ஒரு செய்தி வந்தால் யார் சொன்னது, எங்கே, எப்போது என்று கேட்போம். மூன்றில் ஒன்றுக்கு விடை இல்லை என்றாலும் அது நம்மோடு நிற்கட்டும்.

2. பயமோ கோபமோ பொங்க வைக்கும் செய்தியை உடனே அனுப்ப வேண்டாம். ஓர் இரவு பொறுப்போம்.

3. தவறாக அனுப்பிவிட்டால், அனுப்பிய அதே குழுவில் "இது பொய், என் தவறு" என்று எழுதுவோம். சத்தமில்லாமல் அழித்துவிடுவது திருத்தம் ஆகாது.

4. நமக்குப் பிடிக்காத கருத்தை ஒருவர் எழுதினால் காவல் நிலையத்துக்கு ஓடும் முன் அவரோடு பேசிப் பார்ப்போம்.

எட்டாம் கட்டளை பொய்ச்சான்று சொல்லாதிருக்கக் கற்பிக்கிறது. சிறுவயதில் அதை நாவுக்கான கட்டளை என்று படித்தோம். இன்று அது விரலுக்கும் உரியது. உண்மையை அச்சமின்றிப் பேசும் துணிவையும், பேசுமுன் விசாரிக்கும் பொறுமையையும் இறைவன் நமக்குத் தருவாராக.