ஜோடி தேடும் எலெக்ட்ரான்

மீத்தேனைச் சங்கிலியாகக் கோத்துப் பிளாஸ்டிக் ஆக்க முடியாது என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். கோப்பதற்கு எத்திலீனில் உள்ளதுபோல ஓர் இரட்டைப் பிணைப்பு வேண்டும். மீத்தேனிலோ கார்பனின் நான்கு பக்கமும் ஹைட்ரஜன். ஆனால் காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கலத்துக்குள் மீத்தேனைக் கொஞ்சமாகக் கசியவிட்டு, 13.56 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையைச் செலுத்தினால் உள்ளே ஓர் ஒளி பரவும். சற்று நேரத்தில், அங்கே வைத்த கண்ணாடித் துண்டின்மேல் படலம் ஒன்று படிந்திருக்கும். தடிமன் 50 நானோமீட்டர் என்றால், தலைமுடியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு.

அந்த ஒளிதான் பிளாஸ்மா. வாயு ஏறக்குறைய அறை வெப்பத்திலேயே இருக்க, எலெக்ட்ரான்கள் மட்டும் பல்லாயிரம் டிகிரிக்கு ஈடான வேகத்தில் பாய்கின்றன. அவை மோதி மூலக்கூறு உடையும்போது, உடைந்த இடத்தில் ஓர் எலெக்ட்ரான் ஜோடியின்றி நிற்கிறது. பாடநூல் இதைத் ‘தனி உறுப்பு’ என்கிறது. மருத்துவப் பக்கங்களில் நாம் படிக்கும் ‘ஃப்ரீ ராடிக்கல்’ இதுவேதான்.

உடைந்த மூலக்கூறுத் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய வலையாகின்றன. இந்த அவசரப் பின்னலில் எல்லா எலெக்ட்ரான்களுக்கும் ஜோடி கிடைப்பதில்லை. வாயுவில் நொடிப்பொழுதும் தாங்காத தனி உறுப்பு, அசைய இடமில்லாத இந்த வலைக்குள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கிறது! 1900இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பெர்க் நிலையான முதல் தனி உறுப்பைக் கண்டபோது, அதைக் காத்து நின்றவை மூன்று பென்சீன் வளையங்கள். இங்கே படலம் முழுவதுமே அரண்.

கண்ணுக்குத் தெரியாத இந்தத் தனி உறுப்புகளை எண்ணவும் முடியும். ஜோடியற்ற எலெக்ட்ரான் ஒரு சின்னஞ்சிறு காந்தம். சுமார் 0.34 டெஸ்லா காந்தப்புலத்தில் அது 9.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையை உறிஞ்சும். 1944இல் கசான் நகரில் யெவ்கெனி சவோய்ஸ்கி கண்டறிந்த வழி இது.

படலத்தை வெளியே எடுத்ததும் காற்று வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஆக்சிஜன் மெல்ல ஊடுருவித் தனி உறுப்பைப் பற்றிக்கொள்கிறது. அந்தச் சேர்க்கை பக்கத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்க, அங்கே புதிதாக ஒரு தனி உறுப்பு பிறக்கிறது. ஆக்சிஜன் அணு ஒன்றுகூட இல்லாத வாயுவில் செய்த படலத்தில், சில வாரங்களில் ஹைட்ராக்சில், கார்பனைல் என்ற ஆக்சிஜன் கொண்ட தொகுதிகள் ஏறிவிடும். நேற்று அளந்த பரப்பு இன்று வேறு பரப்பு. இதைக் குறையென்றே பலர் கருதினார்கள்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் மார்செலா பிலெக்கின் குழு இதே பண்பை வேலைக்கு அமர்த்தியது. உடலுக்குள் வைக்கும் ஸ்டென்ட் போன்ற உலோகப் பொருள் உடலுக்கு அந்நியம்; அதன்மேல் புரதம் போர்த்த வேண்டும். வெறுமனே படிந்த புரதம் கழன்றுவிடும். அவர்கள் ஆற்றல்மிக்க அயனிகளால் தாக்கியபடி கார்பன் மிகுந்த படலத்தை வளர்த்தார்கள். ஆழத்தில் சிறைப்பட்ட எலெக்ட்ரான்கள் சிறிது சிறிதாகப் பரப்புக்கு வருகின்றன; புரதக் கரைசலில் தோய்த்தால் புரதத்தை நேரடியாகச் சகப்பிணைப்பில் பிடிக்கின்றன. இடையில் இணைப்பு வேதிப்பொருள் எதுவும் தேவையில்லை. புரதத்தைப் பிரித்து அடித்துச்செல்லும் எஸ்.டி.எஸ். சலவைக் கரைசலில் கழுவிப் பார்த்தார்கள். மற்ற பரப்புகளிலிருந்து புரதம் போய்விட்டது. இந்தப் படலத்தில் பெரும்பகுதி அப்படியே இருந்தது.