கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குச் சிவப்பு அங்கி கொடுத்தது யார்?

டிசம்பர் பிறந்துவிட்டால் பெங்களூர் சிவாஜிநகரில் சிவப்புத் துணிக்குக் கிராக்கி வந்துவிடும். ரஸ்ஸல் மார்க்கெட் பக்கமும் கமர்ஷியல் தெருவிலும் சிவப்புக் குல்லாய்கள் குவியல் குவியலாகக் கிடக்கும். சிவப்பு சாட்டினில் கோட்டு, பேண்ட், அதற்கு வெள்ளைக் கரை, முகமூடி, பஞ்சுத் தாடி என்று முழுச் செட்டாகவே வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

பிரேசர் டவுன், குக் டவுன், லிங்கராஜபுரம், அல்சூர் என்று தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்கள் வாழும் பகுதிகளில் இரவு நேரத்தில் கேரல் குழுவினர் வீடு வீடாகப் பாடி வருவார்கள். அவர்களோடு கிறிஸ்துமஸ் தாத்தாவும் வருவார். டிரம் அடிக்கு ஏற்ப ஆடுவார். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுப்பார். தாடியைப் பார்த்து அழுகிற கைக்குழந்தையும் உண்டு!

இந்தத் தாத்தாவின் உடை பற்றி ஒரு வழக்கு ஆண்டுதோறும் கிளம்பும். "இது வேதத்திலும் இல்லை, திருச்சபையிலும் இல்லை. அமெரிக்கக் குளிர்பானக் கம்பெனி ஒன்று தன் லேபிளின் நிறத்தில் தைத்துப் போட்ட விளம்பர உடை. இதைப் போட்டுக்கொண்டு நம் பிள்ளைகள் ஏன் தெருவில் ஆடவேண்டும்?" என்று சபைப் பெரியவர்கள் சிலர் கேட்பார்கள். பதில் தெரியாமல் இளைஞர்கள் விழிப்பார்கள்.

பெரியவர்கள் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் கொஞ்சம்தான்.

மூன்று பெண்களின் கல்யாணம்

தாத்தாவின் மூலவர் புனித நிக்கோலாஸ். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள மைரா என்ற ஊரில் பிஷப்பாக இருந்தவர்.

அவரைப் பற்றிய கதைகளில் ஒன்று நம் வீடுகளுக்கு மிகவும் நெருக்கமானது. நொடித்துப்போன ஒருவருக்கு மூன்று பெண்கள். வரதட்சிணை கொடுக்க வழியில்லை. கல்யாணம் ஆகாவிட்டால் பெண்களின் கதி என்ன ஆகுமோ என்ற நிலை. விஷயம் நிக்கோலாசின் காதுக்கு எட்டியது. இரவோடு இரவாக அந்த வீட்டின் ஜன்னல் வழியே பொன் முடிப்புகளைப் போட்டுவிட்டுப் போனார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு முடிப்பு. யார் கொடுத்தது என்று தெரியக்கூடாது என்பது அவர் எண்ணம். இரவில் ரகசியமாக வந்து பரிசு வைத்துவிட்டுப் போகிற வழக்கத்துக்கு இந்தக் கதைதான் அடிப்படை.

1087-ம் ஆண்டு அவருடைய எலும்புகள் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவருடைய பக்தி ஐரோப்பா முழுவதும் பரவியது. ஹாலந்து நாட்டில் அவர் பெயர் "சின்டர்கிளாஸ்". அங்கே இன்றும் டிசம்பர் 5-ந் தேதி இரவு பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறார். தலையில் பிஷப்பின் உயர்ந்த மகுடம், கையில் செங்கோல், உள்ளே வெள்ளை அங்கி, மேலே சிவப்புப் போர்வை. சிவப்பும் வெள்ளையும் அங்கேயே இருக்கின்றன!

சாம்பல் படிந்த தாத்தா

ஹாலந்துக்காரர்கள் குடியேறிய ஊர்தான் நியூயார்க். சின்டர்கிளாஸ் அங்கே "சாண்டா கிளாஸ்" ஆனார். ஆனால் பிஷப் உடை அவரோடு அப்படியே போய்ச் சேரவில்லை.

1823-ம் ஆண்டு டிசம்பரில் டிராய் என்ற ஊர்ப் பத்திரிகையில், எழுதியவர் பெயர் இல்லாமல் ஒரு கவிதை வெளிவந்தது. கிளமென்ட் மூர் என்பவர் எழுதியதாக அறியப்படும் அந்தக் கவிதையில் தாத்தா உரோமத் தோல் உடுத்தி, புகைபோக்கி வழியே இறங்கி, கரியும் சாம்பலுமாக நிற்கிறார். சிவப்பு என்ற பேச்சே இல்லை. அதன்பின் படம் போட்டவர்கள் ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்தார்கள். பச்சை, நீலம், பழுப்பு எல்லாம் உண்டு.

இங்கிலாந்திலும் இதே கதைதான். சார்லஸ் டிக்கன்ஸ் 1843-ல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதைக்கு ஜான் லீச் வரைந்த கிறிஸ்துமஸ் ஆவி, பச்சை அங்கி போட்டு விருந்துப் பண்டங்களின் நடுவே உட்கார்ந்திருக்கிறது. ரஷ்யாவின் பனித் தாத்தா இன்றும் நீல அங்கியில் வருவதுண்டு.

சிவப்பை நிலைநிறுத்தியவர்களில் முக்கியமானவர் தாமஸ் நாஸ்ட். ஜெர்மனியில் பிறந்து, சிறு வயதிலேயே நியூயார்க் வந்து, கேலிச்சித்திரக்காரராகப் பெயர் எடுத்தவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863 ஜனவரியில், "ஹார்ப்பர்ஸ் வீக்லி" பத்திரிகையில் தாத்தாவை ராணுவ முகாமுக்கே அனுப்பிவிட்டார். அந்தத் தாத்தாவின் சட்டையில் நட்சத்திரங்கள், கால்சட்டையில் கோடுகள். அதாவது வடக்குப் படையின் கொடி! கிறிஸ்துமஸ் தாத்தா ஒரு கட்சிக்குப் பிரசாரம் செய்தது அப்போதே தொடங்கிவிட்டது.

ஆண்டுதோறும் நாஸ்ட் தாத்தாவை வரைந்தார். பத்திரிகைப் படங்கள் கறுப்பு வெள்ளை. வண்ணத்தில் வந்த புத்தகத்தில் தாத்தா சிவப்பு உடையில் இருந்தார். 1881-ல் அவர் வரைந்த தொந்தித் தாத்தாவின் சாயல் இன்றைய முகமூடிகளிலும் தெரிகிறது. அதே காலத்தில் வண்ண அச்சு மலிந்தது. வாழ்த்து அட்டைகளிலும் பத்திரிகை அட்டைகளிலும் சிவப்புத் தாத்தா வீடு வீடாகப் புகுந்தார். பனி வெண்மையின் நடுவே சிவப்பு பளிச்சென்று தெரியும். அச்சகக்காரர்களுக்கு வேறு என்ன வேண்டும்?

கம்பெனி வந்தது பிறகுதான்

கோகோ கோலாவுக்காக ஹேடன் சண்ட்ப்ளோம் என்ற ஓவியர் தாத்தாவை வரைய ஆரம்பித்தது 1931-ல். குளிர்காலத்தில் யாரும் குளிர்பானம் குடிப்பதில்லை. அந்த நஷ்டத்தைச் சரிக்கட்டத்தான் இந்த ஏற்பாடு. அவருக்கு முன்பே, 1923-ல், "ஒயிட் ராக்" என்ற வேறொரு பானக் கம்பெனி சிவப்புத் தாத்தாவை வைத்து வண்ண விளம்பரம் போட்டுவிட்டது. ஓவியர் வருவதற்கு முன்பே தாத்தா சிவப்பு உடையில்தான் இருந்தார் என்று கோகோ கோலா கம்பெனியே ஒத்துக்கொள்கிறது.

ஆனாலும் சண்ட்ப்ளோமின் பங்கைக் குறைத்துச் சொல்லக்கூடாது. குள்ள வேதாளம் மாதிரி இருந்தவரை, பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பெரியவர் போல ஆக்கியவர் அவர். ஓய்வுபெற்ற விற்பனையாளரான தம் நண்பரைப் பார்த்து வரைந்தார். நண்பர் இறந்தபின் கண்ணாடியில் தம் முகத்தையே பார்த்து வரைந்தார். ஒரு வருடம் தாத்தாவின் பெல்ட் தலைகீழாக விழுந்துவிட்டது. இன்னொரு வருடம் கையில் கல்யாண மோதிரத்தைக் காணோம். "பாட்டிக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டு ஜனங்கள் கடிதம் எழுதினார்கள்! 1964 வரை அவர் படங்கள் வந்தன. உலகத்துக்கெல்லாம் ஒரே தாத்தா, ஒரே உடை என்று ஆனதற்கு இந்த விளம்பரங்கள் பெரிய காரணம். பெரியவர்களின் வழக்கில் உண்மை இருப்பது இந்த இடத்தில்தான்.

பெங்களூர் சம்பந்தம்

கம்பெனிக் கதையில் நம் ஊருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1977-ல் கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்நியப் பங்கைக் குறைக்கவேண்டும், தயாரிப்பு ரகசியத்தைத் தரவேண்டும் என்ற நிபந்தனையைக் கம்பெனி ஏற்கவில்லை. அப்போது மத்திய தொழில் மந்திரியாக இருந்தவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். மங்களூர்க்காரரான அவர், 1946-ல் 16 வயதில் பாதிரியார் ஆவதற்காகப் பெங்களூர் புனித பீட்டர் குருமடத்தில் சேர்ந்து, பிறகு வெளியேறியவர்.

1993-ல் கம்பெனி திரும்பி வரும்வரை 16 கிறிஸ்துமஸ் போயின. கோலா போன இடத்தில் அரசாங்கத்தின் "டபுள் செவன்" பானம் வந்தது, அதுவும் போனது. தாத்தா மட்டும் அத்தனை வருடமும் அதே சிவப்பு அங்கியில் தண்டுப் பகுதித் தெருக்களில் ஆடிக்கொண்டுதான் இருந்தார்.

பெரியவர்களைச் சமாதானப்படுத்தவும் ஒரு வழி இருக்கிறது. சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவில் மாதாவுக்குச் சேலை உடுத்தியே பார்த்துப் பழகிய ஊர் இது. தாத்தாவின் உடையையும் கொஞ்சம் மாற்றினால் என்ன? தொப்பைக் கோட்டுக்குப் பதில் கணுக்கால் வரை சிவப்புப் போர்வை, குல்லாய்க்குப் பதில் பிஷப்பின் மகுடம், கையில் ஒரு செங்கோல். மைரா பிஷப் வந்து நின்றுவிடுவார். அதே சாட்டின்தான், துணி மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும். ஆனால் அந்த உடையில் டிரம்முக்கு ஆடுவது கஷ்டம்!