உள்ளூரிலிருந்து ஓர் ஆசிரியர்

அமெரிக்க அரசுப் பள்ளி ஒன்றில் ஆசிரியராகச் சேர, பொதுவாக நான்காண்டு இளங்கலைப் பட்டமும் அந்தந்த மாநிலம் வழங்கும் உரிமமும் வேண்டும். அங்குள்ள சமுதாயக் கல்லூரிகள் தருவதோ பெரும்பாலும் இரண்டாண்டு அசோசியேட் பட்டம். அதை மட்டும் வைத்துக்கொண்டு வகுப்பாசிரியர் ஆகிவிட முடியாது. ஆகவே சமுதாயக் கல்லூரியில் படிப்பைத் தொடங்கும் வருங்கால ஆசிரியர், பாதியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மாறியே தீரவேண்டும். அந்த இடத்தில்தான் பலர் படிப்பை விட்டுவிடுகிறார்கள். அவர்களைத் தடுத்து நிறுத்தும் வலு, இரண்டு நிறுவனங்களும் முன்கூட்டியே செய்துகொள்ளும் உடன்படிக்கைக்கு உண்டு.

ஆசிரியர் பயிற்சி தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தின் வேலையாக இருக்கவில்லை. 1839இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லெக்சிங்டனில் முதல் அரசு நார்மல் பள்ளி திறக்கப்பட்டது. அதன் வழியில் நாடெங்கும் தோன்றிய நார்மல் பள்ளிகள், தொடக்கப்பள்ளி ஆசிரியர்களைக் குறுகிய காலத்தில் பயிற்றுவித்து அனுப்பின. ஆசிரியப் பணிக்கான தகுதி உயர உயர, அவை ஆசிரியர் கல்லூரிகளாகி, 20ஆம் நூற்றாண்டில் பல்கலைக்கழகங்களாக வளர்ந்தன. மேரிலாந்தின் டௌசன் பல்கலைக்கழகம் 1866இல் பால்டிமோரில் நார்மல் பள்ளியாகத் தொடங்கியதுதான். கல்வியின் தரம் உயர்ந்தது நல்லதே. ஆனால் ஆசிரியராகும் வழி நீண்டது, செலவு கூடியது, வீட்டை விட்டுத் தூரம் போகவும் வேண்டியதாயிற்று.

சமுதாயக் கல்லூரியின் வரலாறு வேறு பக்கமாக நடந்தது. 1901இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில், உயர்நிலைப் பள்ளித் தலைவர் ஸ்டான்லி பிரவுனும் சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் சேர்ந்து ஆறு மாணவர்களோடு தொடங்கிய ஜோலியட் ஜூனியர் கல்லூரியே இவ்வகையில் முதல் அரசுக் கல்லூரி. பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை மாணவர் தம் ஊரிலேயே படிக்கலாம் என்பதுதான் அன்றைய எண்ணம். ஆக, பல்கலைக்கழகத்தோடு கூட்டு என்பது இக்கல்லூரிகளுக்குப் பிற்காலத்தில் வந்து ஒட்டிய ஏற்பாடு அல்ல, பிறப்பிலேயே இருந்தது. இன்று இத்தகைய கல்லூரிகள் ஏறத்தாழ ஆயிரம் இருக்கின்றன. 2023–24இல் அவற்றில் ஓராண்டுக் கட்டணம் சராசரியாக 4,000 டாலர் அளவில் இருந்தது. அரசுப் பல்கலைக்கழகங்களில் சொந்த மாநில மாணவர் கட்டியது 11,000 டாலருக்கும் மேல்.

சமுதாயக் கல்லூரியில் சேருபவர்களில் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள், பிள்ளை பெற்ற பின் படிப்புக்குத் திரும்பியவர்கள், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் ஏராளம். கறுப்பின, லத்தீனோ, பூர்வகுடி மாணவர்கள் உயர்கல்விக்குள் நுழையும் முக்கிய வாசலும் இதுவே. அமெரிக்க அரசுப் பள்ளி ஆசிரியர்களில் ஐவரில் நால்வர் வெள்ளையர். மாணவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் அப்படி அல்லர். இந்த இடைவெளியைக் குறைக்க விரும்பும் எந்த மாநிலமும் சமுதாயக் கல்லூரியைக் கடந்து போக முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. 1999 முதல் 2002 வரை நியூயார்க் மாநில அரசுப் பள்ளிகளில் முதன்முதலாகப் பணியேற்றவர்களை டொனால்ட் பாய்டும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்தபோது, 61 விழுக்காட்டினர் தம் சொந்த ஊரிலிருந்து 15 மைலுக்குள்ளேயே வேலைக்குச் சேர்ந்திருந்தனர். 85 விழுக்காட்டினர் 40 மைலுக்குள். ஆசிரியர்கள் பெரும்பாலும் ஊரை விட்டு நகர்வதில்லை. ஆசிரியர் கிடைக்காமல் திண்டாடும் ஒரு பள்ளிக்கு, வெளியூரில் விளம்பரம் கொடுப்பதைவிடத் தன் ஊர்க்காரர் ஒருவரைப் படிக்கவைப்பது பலன் தரும்.

படிக்கவைப்பதில் பெரிய முட்டுக்கட்டை, கல்லூரி மாறும்போது கிரெடிட்டுகள், அதாவது தேறிய பாடங்களுக்கான மதிப்பலகுகள், கரைந்துபோவது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2017இல் வெளியிட்ட அறிக்கை, எல்லா வகைக் கல்லூரி மாறுதல்களையும் சேர்த்துப் பார்த்தால், மாணவர்கள் சராசரியாக 43 விழுக்காடு கிரெடிட்டுகளை இழந்ததாக மதிப்பிட்டது. இது போக, ஏட்டில் ஏறியும் உதவாத கிரெடிட்டுகள் உண்டு. ஒரு மாணவி குழந்தை உளவியல் படித்துத் தேறியிருப்பார். பல்கலைக்கழகம் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் கட்டாயப் பாடமாக அல்ல, விருப்பப் பாடமாக. அதே பொருளை வேறு பெயரில், இரு மடங்குக்கும் மேலான கட்டணத்தில் அவர் மறுபடியும் படிக்கவேண்டும். மூன்று நான்கு பாடங்களில் இப்படி நேர்ந்தால் ஓர் அரையாண்டு போய்விடும். கடன் வாங்கிப் படிப்பவருக்கு அந்த அரையாண்டு, படிப்பையே கைவிடப் போதுமான காரணம். இது மாணவரின் குறை அல்ல. இரண்டு அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசாததன் விலையை அவர் தலையில் கட்டுவது அநீதி.

மேரிலாந்து இதற்குக் கண்ட தீர்வு பலருக்கும் முன்மாதிரியானது. 1990களின் இறுதியில் அங்கே ஆசிரியர் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. இரண்டாண்டுக் கல்லூரிப் பேராசிரியர்களும் நான்காண்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ‘அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ் இன் டீச்சிங்’ என்ற புதிய பட்டத்தை வகுத்தனர். முதலில், 2001இல், தொடக்கப்பள்ளிக் கல்விக்கு அது வந்தது. பிறகு மழலையர் கல்விக்கும், கணிதம், வேதியியல், இயற்பியல், ஸ்பானிஷ் போன்ற உயர்நிலைப் பாடங்களுக்கும் விரிந்தது. வழக்கமான உடன்படிக்கைகள், உங்கள் 101ஆம் பாடம் எங்கள் 110ஆம் பாடத்துக்குச் சமம் என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பவை. ஒரு பல்கலைக்கழகம் பாடத்திட்டத்தைத் திருத்தினாலே அந்தப் பொருத்தம் குலைந்துவிடும். மேரிலாந்துக்காரர்கள் பாட எண்களை விட்டுவிட்டு, இரண்டாண்டு முடிவில் மாணவருக்கு என்ன தெரிந்திருக்கவேண்டும், என்ன செய்யத் தெரியவேண்டும் என்பதை வரையறுத்தார்கள். அதற்கு எந்தப் பாடங்கள் என்பதை ஒவ்வொரு கல்லூரியும் அமைத்துக்கொண்டது. குறிப்பிட்ட சராசரி மதிப்பெண்ணோடு பட்டம் பெற்றவரை, ஆசிரியர் கல்வி நடத்தும் நான்காண்டு நிறுவனங்கள் மறு ஆய்வின்றி மூன்றாம் ஆண்டு நிலையில் ஏற்றுக்கொள்ளவேண்டும். தரம் குறைந்துவிடுமோ என்ற பல்கலைக்கழகத் தரப்பின் அச்சத்துக்கு அந்த மேசையே பதில்: வரையறையை எழுதியவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

முதல் இரண்டாண்டுகளில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பதற்கு உள்ள முக்கியத்துவம் எளிதில் கவனத்துக்கு வருவதில்லை. வருங்காலத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் கல்லூரியில் படிக்கும் கணிதமும் அறிவியலும் பெரும்பாலும் இந்த ஆண்டுகளில்தான் அமைகின்றன. ஒரு பின்னத்தால் வகுக்கும்போது அதைத் தலைகீழாக்கிப் பெருக்கவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று பத்து வயதுக் குழந்தை கேட்டால் விளக்கத் தெரிந்தவர் குறைவு. பள்ளிக் கணக்கை அடியிலிருந்து மீண்டும் புரியவைக்கும் ‘ஆசிரியர்களுக்கான கணிதம்’ என்னும் பாடம் அதற்காகவே உள்ளது. 1990களின் இறுதியில் தேசிய அறிவியல் அறக்கட்டளை தனியாக ஓர் அறிக்கை வெளியிட்டு, அறிவியல், கணித ஆசிரியர் உருவாக்கத்தில் இரண்டாண்டுக் கல்லூரிகளின் பங்கை வலியுறுத்தியது. பள்ளிக்குப் போய் வகுப்புகளை உற்றுநோக்குவதும் இந்தக் கட்டத்திலேயே தொடங்குவது நல்லது. இந்த வேலை தமக்கு ஒத்துவருமா என்பது நான்காம் ஆண்டில் தெரியவந்தால், வருந்துவதைத் தவிர வேறு வழியில்லை.

உடன்படிக்கை இருந்தும் தூரம் தடுக்கலாம். அதற்காகச் சில பல்கலைக்கழகங்கள் தாமே சமுதாயக் கல்லூரியைத் தேடி வந்தன. மேரிலாந்தின் பெல் ஏர் ஊரில், ஹார்ஃபோர்ட் சமுதாயக் கல்லூரியை ஒட்டி 2014இல் டௌசன் பல்கலைக்கழகம் ஒரு கட்டடம் திறந்து, மூன்றாம் நான்காம் ஆண்டுப் படிப்பை அங்கேயே கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் 1994 முதல் சமுதாயக் கல்லூரியும் மாநிலப் பல்கலைக்கழகமும் நகரப் பள்ளி நிர்வாகமும் மூன்றாகக் கைகோத்துள்ளன. நாளை வேலை கொடுக்கப்போகும் பள்ளியும் பேச்சில் இருப்பது அந்தக் கூட்டின் பலம்.

இவ்வளவுக்குப் பிறகும் கடைசி ஆண்டு கடினமானது. மேரிலாந்தில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்த விதிப்படி, பயிற்சி ஆசிரியர் அடுத்தடுத்த இரு பருவங்களில் குறைந்தது 100 நாள் பள்ளியில் இருக்கவேண்டும். பயிற்சி என்ற அளவில் இது அருமையான ஏற்பாடு. ஆனால் சம்பளமின்றி 100 நாள் என்பது, கடையில் வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தும் மாணவருக்குத் தாங்கமுடியாத சுமை. முதல் இரண்டாண்டைக் கட்டணம் குறைத்து எளிதாக்கிவிட்டுக் கடைசியில் அவரைக் கைவிடும் கூட்டு, அரைக் கூட்டுதான்.

இந்த இடத்தில் பள்ளி உதவியாளர்கள் நினைவுக்கு வருகிறார்கள். வகுப்பறையில் ஆசிரியருக்குத் துணையாக ஏற்கெனவே சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இவர்கள். 2002இல் சட்டமான ‘நோ சைல்டு லெஃப்ட் பிஹைண்ட்’, வறிய பகுதிப் பள்ளிகளுக்கான மத்திய நிதியில் பணியாற்றும் உதவியாளர்களுக்கு இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்போ அதற்கு ஈடான தேர்வோ வேண்டும் என்றது. பலர் சமுதாயக் கல்லூரிக்கு வந்தார்கள். அவர்களை அங்கிருந்து முழு ஆசிரியராக்கும் யோசனையும் வலுப்பெற்றது. இல்லினாய் 2004இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 2022இல் டென்னசி, ஆசிரியப் பணியை மத்தியத் தொழிலாளர் துறையின் பதிவுபெற்ற தொழிற்பயிற்சியாக்கிய முதல் மாநிலமானது. கிளார்க்ஸ்வில் பகுதிப் பள்ளிகளும் ஆஸ்டின் பீ மாநிலப் பல்கலைக்கழகமும் நடத்திய திட்டம் அதன் தொடக்கம். பயிற்சி பெறுபவர் பள்ளியில் சம்பளத்துக்கு வேலை செய்தபடியே கட்டணமின்றிப் பட்டம் முடிக்கிறார்.

கூட்டாளியே கிடைக்காத இடங்களும் உண்டு. நெவாடாவின் எல்கோ ஊரிலிருந்து ரீனோ பல்கலைக்கழகம் ஏறத்தாழ 290 மைல். எல்கோவிலுள்ள கிரேட் பேசின் கல்லூரி 1999இல் தானே தொடக்கப்பள்ளிக் கல்வியில் இளங்கலைப் பட்டம் வழங்கத் தொடங்கியது. ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஜூனியர் கல்லூரி 2001இல் நான்காண்டுப் பட்டங்களுக்கு அனுமதி பெற்றபோது, ஆசிரியர் கல்வி அவற்றில் ஒன்று. பூர்வகுடிகள் தாமே நடத்தும் முதல் கல்லூரியாக 1968இல் நவஹோ மக்கள் தொடங்கிய டினே கல்லூரியோ, கூட்டு வழியே சொந்தப் பட்டத்தை எட்டியது. நவஹோ மொழியும் பண்பாடும் தெரிந்த ஆசிரியர்களை உருவாக்க, முதலில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தொடக்கப்பள்ளிக் கல்விப் பட்டத்தை நடத்தியது. பின்னர் அதே பட்டத்தைத் தன் பெயரிலேயே வழங்கத் தொடங்கியது.