முதல் ஒரு மணி நேரம்

"நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என முன்னோர் வியந்துரைத்த பெருங்கண்மாயை உடையது இராஜசிங்கமங்கலம். கண்மாய் நீரையும் வான்மழையையும் நம்பி அங்கு நெல் விளைகின்றது. நெல் உள்ள இடத்தில் எலி உண்டு; எலி உள்ள இடத்தில் பாம்பும் உண்டு. களை பறிக்கும் தாயொருத்தியை அரவம் தீண்டிவிட்டால், மருத்துவரிடம் சேரும்வரை அவளருகில் இருப்பவர் யார்? உடன் வேலை செய்யும் நாமே. அவ்வேளையில் செய்யத்தக்கதை நாம் கற்றிருக்கின்றோமா?

இது சிறிய வினாவன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் உயிர் நீத்தனர் என 2020-ல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. 2024 நவம்பரில் தமிழக அரசும் இதனை, மருத்துவமனைகள் தவறாது தெரிவிக்கவேண்டிய நோய்களுள் ஒன்றாக அறிவித்தது.

முதலில், செய்யலாகாதவை. கடிவாயைக் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், கயிற்றால் இறுக்கிக் கட்டுதல் ஆகிய மூன்றும் தீங்கே. இறுக்கிய கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு, காலையே இழக்க நேரிடலாம். மந்திரிப்பவரைத் தேடி அலைவதும், பாம்பை அடிக்க ஓடுவதும் பொன்னான நேரத்தை வீணாக்கும்.

இனி, செய்யவேண்டியவை. கடியுண்டவருக்குத் தைரியம் கூறிப் படுக்க வையுங்கள். வீக்கம் ஏறுமுன் மெட்டி, கொலுசு, மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றுங்கள். எலும்பு முறிந்தாற்போல் கடிபட்ட உறுப்பைக் கம்புடன் சேர்த்துத் துண்டால் தளர்வாகக் கட்டி, அசையாமல் வையுங்கள். நடக்கவிடாது தூக்கிச் செல்லுங்கள். 108-ஐ அழையுங்கள், கடித்த நேரத்தை நினைவிற் கொள்ளுங்கள்.

கட்டுவிரியனிடம் தனிக் கவனம் தேவை. இரவில் தரையில் உறங்குவோரையே அது பெரும்பாலும் கடிக்கும். வலியோ தடமோ தெரியாமலும் போகலாம். விடியலில் வயிற்றுவலியும் இமைச் சரிவும் கண்டால் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

விஷத்தை முறிப்பது விஷமுறிவு ஊசி ஒன்றே. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்திற்கும் ஒரே மருந்து பயன்படும். அதற்குரிய விஷத்தைத் திரட்டித் தருவோருள் முதன்மையானோர், 1978-ல் அமைந்த கூட்டுறவுச் சங்கத்தின்வழி வடநெம்மேலியில் உழைக்கும் இருளர் மக்கள். அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிட்டியது. அவர்கள் உயிரைப் பணயம் வைத்துத் தந்த மருந்து மருத்துவமனையில் காத்திருக்க, நாம் வழியில் காலம் கடத்தலாமா?

படித்தறிந்தது பதற்றத்தில் மறக்கும். கை பழகியது மறவாது. மழைக்காலம் தொடங்குமுன், ஒரு ஞாயிறு திருப்பலிக்குப் பின், செவிலியர் ஒருவரை அழைத்துப் பங்கு இளைஞரும் அன்னையரும் இதனைச் செய்து பழகட்டும். ஒருவர் படுக்க, மற்றவர் கம்பு வைத்துக் கட்டிப் பார்க்கட்டும். அந்த ஒரு மணி நேரப் பயிற்சி நாளை ஒரு குடும்பத்தின் விளக்கை அணையாமற் காக்கும்.